காட்டேரியும் வேதாளமும்: எண்ணாமற் கேட்ட வரங்கள்

புதுச்சேரி நகரிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே செல்வோர் சில கல் தொலைவுக்குள் இருமுறை எல்லை கடக்கின்றனர். கோட்டக்குப்பமும் பொம்மையார்பாளையமும் தமிழ்நாட்டைச் சேர்ந்தவை. அவற்றைத் தாண்டினால் பிள்ளைச்சாவடி, காலாப்பட்டு என மீண்டும் புதுச்சேரி வந்துவிடுகிறது. பிரெஞ்சுக்காரர் துண்டு துண்டாக நிலம் பெற்ற வரலாற்றின் எச்சம் இது. 1954 நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறி, 1962 ஆகஸ்டு 16 அன்று அது சட்டப்படி நிறைவேறிய பின்னும், இந்தத் துண்டுகள் அப்படியே நிற்கின்றன.

பிள்ளைச்சாவடியின் கடலோரத் தெருக்களில் மாலை விளக்கு வைத்தபின் நடந்தால், அலையோசையோடு தொலைக்காட்சித் தொடர்களின் ஒலியும் கலந்து வரும். ஒரு வீட்டில் மாமியாரின் சூழ்ச்சி, அடுத்த வீட்டில் நாகத்தின் சாபம், அதற்கடுத்த வீட்டில் எலுமிச்சம்பழத்தை அறுக்கும் மந்திரவாதி. இலக்கியம் பயின்றோர் இவற்றை ஒரு புன்னகையோடு கடந்து செல்வதே வழக்கம். நாமும் நெடுநாள் அவ்வாறே கடந்து வந்தோம். எனினும் ஒரு கேள்வி மட்டும் விடாமல் தொடர்ந்தது. மந்திரம் வரும் தொடர்களிலெல்லாம் துன்பம் பெரும்பாலும் மந்திரத்தால் வருவதில்லை. யாரோ ஒருவர் முன்பின் எண்ணாமல் சொன்ன சொல்லால் வருகிறது. கேட்ட வரம் கேட்டவர் கருதாத பொருளில் பலிக்கிறது. இட்ட சாபம் இலக்கைத் தாண்டிப் போகிறது. இது தொலைக்காட்சி கண்டுபிடித்த உத்தியா, அல்லது பழஞ்செல்வமா என்று தேடப் புகுந்ததன் விளைவே இக்கட்டுரை.

வேதாளம் காட்டேரியான கதை

மேலைநாட்டார் 'வாம்பயர்' என்பதனை நாம் இரத்தக் காட்டேரி என்கிறோம். காட்டேரி நம் நாட்டார் வழிபாட்டில் இடம்பெற்ற பெண் தெய்வம். அஞ்சப்படுபவள், படையல் பெறுபவள். ஐரோப்பியக் காட்டேரியோ கல்லறையிலிருந்து எழுந்து உயிருள்ளோரின் குருதி குடிக்கும் பிணம். இரண்டையும் ஒரே சொல்லில் அடக்கியது மொழிபெயர்ப்பின் வசதி. இதன் மறுதலையாக, நம்முடைய வேதாளத்தை ஆங்கிலத்தார் 'வாம்பயர்' ஆக்கிய வரலாறும் உண்டு. அதில் தமிழுக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

வடமொழியில் வேதாள பஞ்சவிம்சதி எனப்படும் கதைத்தொகுதி, காஷ்மீரத்துச் சோமதேவர் 11ஆம் நூற்றாண்டில் இயற்றிய கதாசரித்சாகரத்துள் இடம்பெற்றிருக்கிறது. அக்கதைகள் தமிழில் வேதாளக் கதையாக வழங்கின. சென்னையில் குடிமைப் பணியில் இருந்து, பின் இலண்டனில் மருத்துவரான பெஞ்சமின் கை பாபிங்டன் இத்தமிழ் வடிவத்தை ஆங்கிலத்தில் பெயர்த்தார். அது 1831இல் வெளிவந்தது. வீரமாமுனிவரின் பரமார்த்த குரு கதையை 1822இல் ஆங்கிலத்தில் தந்தவரும் இவரே. தொண்டைக்குள் நோக்க உதவும் கண்ணாடிக் கருவியொன்றை 1829இல் மருத்துவ உலகுக்குக் காட்டியவரும் இவர்தாம் என்பது ஒரு சுவையான செய்தி.

பாபிங்டனுக்கு ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளுக்குப் பின், 1870இல், ரிச்சர்டு பர்ட்டன் இக்கதைகளுள் பதினொன்றைத் தம் போக்கில் விரித்தும் திரித்தும் எழுதி, 'விக்ரமும் வாம்பயரும்' என்று பொருள்படும் தலைப்பிட்டு வெளியிட்டார். பிணத்துள் புகுந்து மரத்தில் தலைகீழாகத் தொங்கும் நம் வேதாளம் ஐரோப்பியரின் குருதி குடிக்கும் பேயோடு ஒரே பெயரில் சேர்ந்தது இவ்வாறுதான். நம் வேதாளம் குருதி குடிப்பதற்காக அரசனின் தோளில் ஏறவில்லை. கதை சொல்லவும் கேள்வி கேட்கவுமே ஏறியது. 1897இல் 'டிராகுலா'வை எழுதிய பிராம் ஸ்டோக்கர் பர்ட்டனை நேரில் அறிந்தவர். நடிகர் ஹென்றி இர்விங்கைப் பற்றி 1906இல் வெளியிட்ட நினைவு நூலில், பர்ட்டன் பேசும்போது மேலுதடு உயர்ந்து கோரைப்பல் தெரிந்ததை அவர் மறவாமல் பதிவு செய்திருக்கிறார். இதைக் கொண்டு டிராகுலாவின் மூலம் வேதாளமே என்று வாதிடுவது மிகையாகும். இரு மரபுகளும் ஒரு காலகட்டத்தில் ஒரே அறையில் உட்கார்ந்து பேசின என்பதோடு நாம் நிறுத்திக்கொள்வோம்.

அரசன் கொடுத்த வாக்கு

வேதாளக் கதையின் உட்கதைகளை நினைவில் வைத்திருப்போர் அதன் சட்டகக் கதையை மறந்துவிடுவதுண்டு. அதனைச் சற்று நினைவுகூர்வோம்.

ஒரு துறவி நாள்தோறும் அரசவைக்கு வந்து ஒரு பழத்தைக் காணிக்கையாகத் தருகிறான். அரசன் அதனைப் பொருட்படுத்தாமல் பொக்கிஷக் காவலனிடம் கொடுத்துவிடுகிறான். ஒருநாள் ஒரு குரங்கு பழத்தைக் கடிக்க, உள்ளிருந்து விலைமதிப்பற்ற மணி வெளிப்படுகிறது. பொக்கிஷ அறையைப் பார்த்தால் அழுகிய பழங்களுக்கிடையே மணிக்குவியல். அப்போதுதான் அரசன், "உமக்கு வேண்டுவது என்ன?" என்று துறவியைக் கேட்கிறான். மந்திரச் சடங்கு ஒன்றிற்கு வீரன் ஒருவனின் துணை வேண்டும் என்கிறான் துறவி, அரசன் இசைகிறான். சடங்கு எதற்கு, அதன் முடிவு என்ன என்று அவன் கேட்கவில்லை. கொடுக்கும் நிலையில் இருப்பவர் விவரம் கேட்பதில்லை. கேட்பது பெருமைக்கு இழுக்கென்று கருதுகின்றனர். தசரதன் கைகேயிக்குக் கொடுத்த வரங்களும் இத்தகையனவே. 'இரண்டு வரம்' என்ற எண்ணிக்கை இருந்தது. பொருள் நிரப்பப்படாமல் இருந்தது.

துறவியின் உண்மையான எண்ணம் அரசனைப் பலியிட்டு வித்தியாதரர்க்குத் தலைவனாவது. இதனை அரசனுக்கு அறிவிப்பது வேதாளந்தான். ஆனால் உடனே அறிவிக்கவில்லை. ஒவ்வொரு முறையும் ஒரு கதை சொல்லி, முடிவில் ஒரு வழக்கை வைத்துத் தீர்ப்புக் கேட்கிறது. விடை தெரிந்தும் வாய் மூடினால் தலை வெடிக்கும். வாய் திறந்தாலோ வேதாளம் மீண்டும் முருங்கை மரம் ஏறிவிடும். இருபத்து மூன்று கதைகளுக்கு விடை சொன்ன அரசன் இருபத்து நான்காவதில் விடை தெரியாமல் மௌனமாகிறான். தந்தை மகளையும் மகன் அவள் தாயையும் மணந்தால் பிறக்கும் பிள்ளைகள் தமக்குள் என்ன முறை என்பது அக்கேள்வி. அந்த மௌனத்தை மெச்சித்தான் வேதாளம் துறவியின் சூழ்ச்சியை வெளிப்படுத்துகிறது. எண்ணாமல் வாக்குக் கொடுத்தவனை, எண்ணிப் பேசவும் பேசாதிருக்கவும் ஓர் இரவு முழுதும் பழக்கிய பின்னரே அது காப்பாற்றுகிறது. இறுதியில் வேதாளம் வரம் கேட்கச் சொல்லும்போது, இக்கதைகள் உலகில் புகழ்பெற்று விளங்க வேண்டும் என்று மட்டும் அரசன் கேட்கிறான். யாருக்கும் தீங்கு விளைக்காத வரம். அது இன்றுவரை பலித்தும் வருகிறது.

தமிழ்ச் சிறுவர்க்கு அந்த வரத்தைப் பலிக்கச் செய்தது அம்புலிமாமா. 1947இல் தொடங்கிய அவ்விதழில், தோளில் பிணமும் கையில் வாளுமாக நடக்கும் அரசனை ஓவியர் சங்கர் வரைந்தார். கே.சி. சிவசங்கரன் என்னும் அவர் 2020இல் மறைந்தார்; அவர் வரைந்த அரசனைக் காணாமல் வளர்ந்த தமிழ் வாசகர் ஒரு தலைமுறையில் அரியர். பின்னர் 1985இல் தூர்தர்ஷனில் இராமானந்த சாகரின் 'விக்ரம் அவுர் பேதாள்' வந்தது. அதில் விக்கிரமனாக நடித்த அருண் கோவில் ஈராண்டுகளுக்குள் நாடெங்கும் இராமனாக அறியப்பட்டார். இந்தியத் தொலைக்காட்சியில் பேய்க்கதைத் தொடரின் முன்னோடிகளுள் ஒன்று, அறக்கேள்விகளின் தொடராக அமைந்ததை இங்குக் குறித்துக்கொள்வோம்.

மார்த்தினிக் பணிப்பெண்ணின் சாபம்

கடலுக்கு அப்பால், இதற்கு இருபது ஆண்டுகள் முன்பே, அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் 'டார்க் ஷாடோஸ்' என்ற பகல்நேரத் தொடர் வந்தது. 1966 ஜூன் 27 முதல் 1971 ஏப்ரல் 2 வரை 1,225 பகுதிகள் ஒளிபரப்பாயின. டான் கர்ட்டிஸ் உருவாக்கிய அத்தொடர் முதலில் ஒரு பழைய மாளிகையின் இரகசியங்களைச் சொல்லும் குடும்பக் கதையாகவே இருந்தது. பார்வையாளர் குறைந்தபோது பேய்களைக் கொண்டுவந்தனர். 1967 ஏப்ரலில் பர்னபாஸ் காலின்ஸ் என்ற காட்டேரியையே கொண்டுவந்தனர். சில வாரங்களுக்கென்று வந்த அப்பாத்திரம் மக்கள் விருப்பத்தால் தொடரின் நாயகனாகிவிட்டது. 2012இல் டிம் பர்ட்டன் இயக்கி ஜானி டெப் நடித்த திரைப்படத்தின் வழியாக நம்மவர் சிலரும் இக்கதையை அறிந்திருக்கலாம்.

பர்னபாஸ் வெளிவரும் முறையே நம் பொருளுக்குப் பொருத்தமானது. வில்லி லூமிஸ் என்பவன் குடும்பக் கல்லறையில் நகைகள் புதைந்திருப்பதாக நம்பி, சங்கிலியிட்ட பிணப்பெட்டியைத் திறக்கிறான். அவன் வேண்டியது செல்வம். கிடைத்தது ஓர் எசமானன். அன்று முதல் அவன் அடிமையாகிறான்.

பர்னபாஸ் காட்டேரியான காரணத்தைச் சொல்லத் தொடர் 1795ஆம் ஆண்டுக்குப் பின்னோக்கிச் செல்கிறது. பிரெஞ்சுத் தீவான மார்த்தினிக்கில் செல்வக் குடும்பம் ஒன்றின் பணிப்பெண் ஆஞ்செலிக். அவளோடு உறவுகொண்ட பர்னபாஸ், மணமென்று வரும்போது அவளுடைய எசமானியின் குடும்பத்துப் பெண்ணான ஜோசெட்டைத் தேர்கிறான். ஆஞ்செலிக்குக்குச் செல்வம் இல்லை, குலம் இல்லை, தன் பக்கம் பேச ஓர் உறவினரும் இல்லை. அவளுக்குத் தெரிந்தது சூனியம் ஒன்றே. பர்னபாஸின் சிறுமித் தங்கையைத் தன் வித்தையாலேயே நோயுறச் செய்துவிட்டு, குணப்படுத்தினால் தன்னை மணக்க வேண்டும் என்று வாக்குப் பெறுகிறாள். உண்மை வெளிப்பட்டபின் அவன் அவளைச் சுடுகிறான். சாகும் தறுவாயில், தாம் இறப்பதாகவே எண்ணி, அவள் சபிக்கிறாள்: அவன் ஓய்வின்றி அலைய வேண்டும், அவனை நேசிக்கும் எவரும் சாக வேண்டும்.

அவள் இறக்கவில்லை. காயம் ஆறியதும் சாபத்தைத் திரும்பப் பெற முயல்கிறாள், முடியவில்லை. காட்டேரியாக எழுந்த பர்னபாஸ் முதலில் கொல்வது அவளைத்தான். சாபத்தின் சொற்களைத் திரும்ப நோக்கினால் அதில் முறையற்றது ஏதுமில்லை. அவனை நேசித்தவர்களுள் அவளும் ஒருத்தி. தன்னையும் சேர்த்தே சபித்திருக்கிறாள் என்பதை அவள் கவனிக்கவில்லை. அதன்பின் தங்கை சாகிறாள், ஜோசெட் மலைமுகட்டிலிருந்து வீழ்கிறாள், தாய் நஞ்சருந்துகிறாள். இவர்களில் எவரும் ஆஞ்செலிக்குக்குத் தீங்கு செய்தவரல்லர்.

மார்த்தினிக் என்ற பெயரைக் கேட்டதும் புதுச்சேரியைச் சேர்ந்தோர்க்கு வேறொரு நினைவும் வர வேண்டும். 1848இல் பிரெஞ்சுக் குடியேற்றங்களில் அடிமை முறை ஒழிக்கப்பட்டபின், கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலிருந்து மக்கள் அனுப்பப்பட்டனர். 'ஒரேலி' என்ற கப்பல் 1853 மே மாதம் மார்த்தினிக்கை அடைந்தது. அடுத்த முப்பது ஆண்டுகளில் ஏறக்குறைய 25,000 பேர் அத்தீவில் இறங்கினர். அவர்களுள் மிகப் பலர் தமிழர். தொடர் காட்டும் காலத்துக்கு அறுபது ஆண்டுகள் பிற்பட்ட செய்தி இது. கதைக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஆயினும் அங்குப் போனவர்கள் எதை எடுத்துச் சென்றனர் என்பது எண்ணத்தக்கது. மார்த்தினிக்கில் இன்றும் 'மால்தேவிதான்' என்று வழிபடப்படுபவன் நம் மதுரை வீரன். அதிகாரத்தால் மாறுகால் மாறுகை வாங்கப்பட்டு மாண்டு, பின் தெய்வமானவன். ஒப்பந்தத்தில் கைரேகை வைத்துக் கடல் கடந்தவர்கள், அரண்மனைத் தெய்வங்களை விட்டு, அரசனால் கொல்லப்பட்டவனை உடன் கொண்டுசென்றதில் பொருள் இருக்கிறது. அவர்கள் வைத்த கைரேகையும் விவரம் அறியாமல் கொடுத்த வாக்கே அன்றோ!

நீலியும் கண்ணகியும்

ஆஞ்செலிக்கின் கதையை அறிந்தபோது நமக்கு நீலியின் நினைவே வந்தது. தமிழில் நீலியர் பலர். ஒருத்தி பழையனூர் நீலி. முற்பிறவியில் கணவனால் கொல்லப்பட்டவள், மறுபிறவியில் வணிகனாகப் பிறந்த அவனைப் பேயாகத் தொடர்கிறாள். கள்ளிக்கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்தி, மனைவியின் உருக்கொண்டு பழையனூர் அவையில் முறையிடுகிறாள். வணிகனோ, இவள் பேய், தன்னைக் கொன்றுவிடுவாள் என்று அலறுகிறான். அவனுக்குக் காவலாக இருந்த கத்தியையும் அவையோர் வாங்கி வைத்துவிட்டு, "உனக்குத் தீங்கு நேர்ந்தால் நாங்கள் எழுபதின்மரும் உயிர் விடுவோம்" என்று வேளாளர் வாக்களிக்கின்றனர். மறுநாள் வணிகன் பிணமாகக் கிடக்க, எழுபதின்மரும் தீப்பாய்கின்றனர். வாக்குத் தவறாத வேளாளரின் பெருமைக்குச் சான்றாகவே இக்கதை காலந்தோறும் சொல்லப்பட்டது. அப்பெருமையை நாம் மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் அஞ்சியவனின் பேச்சைக் கேளாமல் தம் நல்லெண்ணத்தை நம்பியே வாக்களித்தார்கள் என்பதையும் கதை மறைக்கவில்லை. இதே பழையனூர் நீலியைச் சமணர் எடுத்துக்கொண்டு, முனிவரால் மனம் மாறித் தருக்கவாதியாகும் நீலகேசியாக்கினர். பேயைச் சிந்தனையாளராக்கிய காப்பியம் வேறு மொழிகளில் உண்டோ என்பது ஆராயத்தக்கது.

மற்றொரு நீலி சிலப்பதிகாரத்தில் வருகிறாள். மதுரை எரிந்தபின் மதுராபதித் தெய்வம் கண்ணகிக்கு முற்பிறப்புச் செய்தி உரைக்கிறது. கலிங்க நாட்டுச் சிங்கபுரத்தில் சங்கமன் என்ற வணிகனை, ஒற்றன் என்று பொய்க் குற்றம் சாட்டிக் கொலையுண்ணச் செய்தவன் பரதன். அவனே கோவலனாகப் பிறந்தான். சங்கமனின் மனைவி நீலி பதினான்கு நாள் அலறித் திரிந்து, தமக்கு இத்துயர் செய்தோர் இத்துயரே அடைக என்று சபித்து, மலையேறி வீழ்ந்தாள்.

இச்சாபத்தை வகுப்பில் எடுத்துரைக்கும்போதெல்லாம் ஒரு மாணவராவது கேட்கும் வினா உண்டு: தவறிழைத்தவன் பரதன், கண்ணகி என்ன செய்தாள்? நேர்மையான வினா. நீலி கேட்டது, தன் துயர் அவனுக்கு வர வேண்டும் என்பது. ஆனால் நீலியின் துயர் கொலையுண்டவனின் துயரன்று; கணவனை இழந்து நின்றவளின் துயர். அது அப்படியே திரும்ப வேண்டுமானால் அதனைத் தாங்க இன்னொரு பெண் வேண்டும். ஆணை நோக்கி எய்த சாபம் ஒரு பெண்ணின்மேல் தைத்தது. நீலி கண்ணகியை அறியாள்; அறிந்திருந்தால் அவளுக்கு இதை விரும்பியிருக்கவும் மாட்டாள்.

இதன் எதிரில் கண்ணகியின் செயலை வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு முலை திருகி எறிந்து நகரை எரிக்கும் வேளையிலும், தன்முன் தோன்றிய தீக்கடவுளுக்கு அவள் வரையறை சொல்கிறாள். பார்ப்பார், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், முதியோர், குழந்தைகள் ஆகியோரை விடுத்துத் தீயோரையே சேருமாறு ஏவுகிறாள். அந்தப் பட்டியலில் யார் இடம்பெற்றனர், யார் விடுபட்டனர் என்பது குறித்து இன்று பல கேள்விகள் எழுப்பலாம், எழுப்பவும் வேண்டும். ஆயினும் சாபத்துக்கு எல்லை வகுக்க வேண்டும் என்ற உணர்வு அங்கிருக்கிறது. எல்லையற்ற சாபத்தால் பாதிக்கப்பட்டவள், தன் சாபத்துக்கு எல்லை வகுத்தாள். இளங்கோவடிகள் இதை எண்ணியே நீலி கதையைப் பின்னால் வைத்தாரா என்று உறுதியாகச் சொல்ல இயலாது. காப்பியத்தைப் படிப்போர் இரண்டையும் அருகருகே வைத்துக் காண்பதை அவர் தடுக்கவுமில்லை.

ஆஞ்செலிக், நீலி, கண்ணகி மூவர்க்கும் பொதுவானது ஒன்று உண்டு. முறையான அதிகாரம் எதுவும் இவர்கள் கையில் இல்லை. அரசனும் அவையோரும் வாக்குக் கொடுக்கின்றனர். அவ்விடத்தில் இல்லாதோர் சபிக்கின்றனர். கதைகளில் மந்திரம் எனப்படுவது பெரும்பாலும் முறையீட்டுக்கு வேறு வழி இல்லாதோரின் வழி. 1990களின் பிற்பகுதியில் சன் தொலைக்காட்சியில் வந்த 'மர்மதேசம்' வரிசையின் 'விடாது கருப்பு' இதனைத் தமிழ்ச் சூழலில் நன்கு உணர்ந்து எடுக்கப்பட்டது. 2024இல் மறைந்த இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி நாகா இயக்கிய அத்தொடரில், குற்றம் செய்தோரைக் குதிரையேறி வரும் கருப்பு தண்டிக்கிறான். முடிவில் உளவியல் சார்ந்த விளக்கம் தரப்படுகிறது. ஆனால் நெடுங்காலம் வாய் திறக்க முடியாத ஒரு துயரமே கருப்பாகக் குதிரையேறியது என்ற உணர்வு விளக்கத்துக்குப் பின்னும் நிற்கிறது. பின்வந்த பல தொடர்கள் குதிரையையும் சாட்டையையும் எடுத்துக்கொண்டு, அத்துயரை விட்டுவிட்டன.

குரங்கின் கையும் துறைமுகமும்

எண்ணாமற் கேட்ட வரம் என்றால் ஆங்கிலம் பயின்றோர் உடனே சுட்டுவது டபிள்யூ. டபிள்யூ. ஜேக்கப்ஸ் 1902இல் எழுதிய 'குரங்கின் பாதம்' என்ற சிறுகதையை. இந்தியாவிலிருந்து ஒரு படைவீரர் கொண்டுவந்த, பக்கிரி ஒருவரால் மந்திரிக்கப்பட்ட குரங்கின் கை அது. மூன்று வேண்டுதல்களை நிறைவேற்றும். ஒரு குடும்பம் இருநூறு பவுன் கேட்கிறது. மகன் ஆலை இயந்திரத்தில் சிக்கி இறந்ததற்கு இழப்பீடாக அதே இருநூறு பவுன் வருகிறது. மந்திரம் பொய்க்கவில்லை. பணம் எந்த வழியாக வர வேண்டும் என்று அவர்கள் சொல்லவில்லை, அவ்வளவே.

இக்கதையை நினைக்கும்போதெல்லாம் பிள்ளைச்சாவடிக் கடற்கரை கண்முன் வருகிறது. புதுச்சேரி ஒரு துறைமுகம் வேண்டியது. அதில் தவறேதும் இல்லை. வணிகமும் வேலையும் வேண்டாத ஊர் எது? 1986 முதல் 1989 வரையான காலத்தில் நகரின் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் அலைத்தடுப்புச் சுவர்கள் கட்டப்பட்டன. சோழமண்டலக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி கடலோட்டம் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்துகிறது. சுவர்கள் அந்த மணலைத் தடுத்தன. தெற்கே மணல் குவிந்தது. வடக்கே நகரின் மணற்கரை கரைந்தது. தேங்கும் மணலை எடுத்து வடக்கே சேர்க்கும் ஏற்பாடு திட்டத்தில் இருந்தும் அது தொடர்ந்து நடைபெறவில்லை. நகரைக் காக்கக் கருங்கற்களைக் கொட்டினர். அரிப்பு அடுத்த குப்பத்துக்கு நகர்ந்தது. அங்கும் கல் கொட்டினர். அது அதற்கடுத்த குப்பத்துக்கு நகர்ந்தது. இவ்வாறு வடக்கே நகர்ந்து வந்த அரிப்பு, மாநில எல்லைகளைப் பார்க்காமல், பொம்மையார்பாளையம், பிள்ளைச்சாவடி வரை மீனவர் வீடுகளையும் கட்டுமரம் ஏற்றிவைக்கும் மணலையும் தின்றது. 2018-19இல் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் நகரக் கடற்கரையையொட்டி நீரடித் திட்டு ஒன்றை அமைத்தபின் அங்கு மணல் ஓரளவு திரும்பியது. வடக்கிலுள்ள குப்பங்களில் அந்த நிம்மதி இன்னும் வரவில்லை.

துறைமுகம் கேட்டவர்கள் பிள்ளைச்சாவடியை எண்ணிக் கேட்கவில்லை. அதற்கு எதிராகவும் கேட்கவில்லை. அவர்கள் வேண்டுதலில் அவ்வூர் இடம்பெறவே இல்லை. நீலியின் சாபத்தில் கண்ணகி இடம்பெறாதது போல. தம் வீட்டுச் சுவர் கடலில் விழுந்த ஒரு குடும்பம் இரவில் உறவினர் வீட்டில் அமர்ந்து பேய்த்தொடர் பார்ப்பதில் நாம் ஏளனம் செய்ய ஏதுமில்லை. யாரோ சொன்ன சொல் தொலைவில் எங்கோ யாரையோ தாக்கும் என்பதைத் திறனாய்வாளரைவிட அவர்கள் நன்கறிவர்.

பேயுருவம் வேண்டிய அம்மையார்

வேண்டுதலை எண்ணிச் சொன்னவர் ஒருவரையும் குறிப்பிட்டு முடிப்பது முறை. அவரும் இப்புதுச்சேரி ஆட்சிப்பகுதியைச் சேர்ந்தவரே. காரைக்கால் அம்மையார் 6ஆம் நூற்றாண்டினர் எனப் பொதுவாகக் கொள்ளப்படுகிறார். அவர் வரலாற்றைச் சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் பாடினார். புதுச்சேரியில் 1955இல் தொடங்கிய பிரெஞ்சு நிறுவனத்தின் இந்தியவியல் வெளியீட்டு வரிசையில் முதல் நூலாக, 1956இல் வந்தது அம்மையாரின் பாடல்களே; காரைவேலன் அவற்றைப் பிரெஞ்சில் பெயர்த்திருந்தார்.

புனிதவதியாரின் முதல் வேண்டுதல் அவசரத்தில் பிறந்தது. கணவன் அனுப்பிய இரு மாங்கனிகளில் ஒன்றைச் சிவனடியார்க்கு இட்டுவிட்டார். கணவன் மற்றொன்றையும் கேட்க, செய்வதறியாது இறைவனை நினைத்தார். கனி கையில் வந்தது. அன்றைய இக்கட்டு தீர்ந்தது. ஆனால் அக்கனியின் சுவையே கணவனுக்கு ஐயத்தை உண்டாக்கி, அச்சமாக்கி, அவனைக் கடல் கடக்கச் செய்தது. இல்லறத்தைக் காக்க வேண்டிய கனி இல்லறத்தை முடித்துவைத்தது.

இரண்டாம் முறை அம்மையார் தெளிவாகக் கேட்டார். கணவனுக்காகத் தாங்கிய தசையை நீக்கிப் பேயுருவம் அருள வேண்டினார். உலகம் அஞ்சும் உருவத்தை ஒரு பெண் தானே விரும்பிக் கேட்டுப் பெற்றது நம் இலக்கியத்தில் தனித்து நிற்கிறது. கயிலையில் மூன்றாம் முறை கேட்டபோது, ஒரு வழக்கறிஞரின் கவனம் அவர் சொற்களில் தெரிகிறது. இறவாத அன்பு வேண்டும், பிறவி வேண்டாம், ஒருவேளை பிறவி உண்டாகுமாயின் மறவாமை வேண்டும், ஆடும்போது அடியின்கீழ் இருக்க வேண்டும். தம் விருப்பம் முழுதும் நிறைவேறாமல் போனால் என்ன செய்வது என்பதையும் வேண்டுதலுக்குள்ளேயே வைத்துவிட்டார்.

அதன்பின் அவர் சென்று தங்கிய தலம் திருவாலங்காடு. நீலியின் பழையனூருக்கு அண்மையது. வஞ்சம் தீர்க்கப் பேயான ஒருத்தியையும், வேண்டிப் பேயான ஒருவரையும் ஒரே வட்டாரத்து மண்ணில் தமிழ் மரபு வைத்திருக்கிறது. காரைக்காலில் ஆண்டுதோறும் ஆனி முழுநிலவையொட்டி மாங்கனித் திருவிழா நடக்கிறது. வீதியுலாவில் வீடுகளின் மேல்தளங்களிலிருந்து மாங்கனிகளை வாரி இறைக்கின்றனர். பிள்ளை வரம் வேண்டுவோர் கீழே நின்று அவற்றைப் பிடிக்க முயல்வர். அவர்களுக்கு நாம் சொல்லக்கூடியது ஒன்றே: கேளுங்கள், கேட்கும்போது அருகிலிருப்போரையும் நினைத்துக் கேளுங்கள்.